வேறொரு அந்தியோக்கியா

மச்சாள்,

கடந்த வெள்ளிக்கிழமை மாலை எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: நான், உங்கள் தம்பி, பிலோமினா அக்கா, அவருடைய கணவர் மரியதாஸ் அண்ணை, சட்டனிலிருந்து பஸ்ஸில் வந்த றீற்றா. றீற்றாவின் கணவர் அல்பேட் வரவில்லை; படியேறக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். சுவாமியாருக்கு வேறொரு வீட்டில் செபம். நீங்கள் இருக்கும் ஜன்னலோரக் கதிரையில் எல்லோருடைய கோட்டுகளும் குவிந்து கிடந்தன. இவ்வளவு கவனமாக ஆட்களை எழுதுவது ஏனென்றால், அன்று உங்களைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டவர்கள் யார் யார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

இன்று திங்கட்கிழமை. அடுப்பில் சோறு கொதிக்கிறது. உங்கள் தம்பி வேலையால் வர இன்னும் நேரம் இருக்கிறது. சவர்க்காரம் போட்டுக் கழுவியும் என் விரல்களில் அந்த மணம் போகவில்லை. பழைய வெண்கலத்தின் மணம். மழை நாளில் பஸ் கம்பியைப் பிடித்த கை மணக்கிற மாதிரி என்பீர்கள் நீங்கள். இன்று சட்டனுக்குப் போகவும் வரவும் பஸ்ஸில் அந்தக் காசைக் கைக்குள்ளேயே வைத்திருந்தேன். அதனால்தான் இந்த மணம். அதனால்தான் இந்தக் கடிதமும்.

முதல் காசை நீங்கள்தான் வாங்கினீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் காரின் பின்கதவைத் திறந்துவைத்துப் பழைய சாமான் விற்கிறார்களே, அங்கே. முதியோர் இல்லத்தில் இரவு ஷிப்டை முடித்து, பூசை கண்டுவிட்டு, தம்பியோடு தண்ணீர் சுடவைக்கும் கேத்தல் வாங்கப் போனீர்கள். கேத்தல் வாங்காமல் ஒரு பச்சைக் காசோடு வந்தீர்கள். விற்ற வெள்ளைக்காரர் அதை “எபேசஸ்” என்று சொன்னாராம். கதவைத் திறந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என்னைக் கூப்பிட்டீர்கள்.

“பிள்ளை, சின்னப்பர் கடிதம் எழுதின ஊரெல்லே! அந்த ஊர்ச் சனத்தின்ர சில்லறைக் காசு, பார்.”

பூசையில் பவுல் என்று வாசிக்கத் தொடங்கி எவ்வளவோ காலமாகியும் உங்களுக்கு அவர் கடைசிவரை சின்னப்பர்தான்.

அந்த ஒரு காசோடு எங்களுக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. சின்னப்பர் நடந்த ஊர்கள் ஒவ்வொன்றிலும் ஒரு காசு சேர்க்க வேண்டும். நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்துப் படித்துத்தான் எனக்கு விசயம் விளங்கியது. றோமாபுரி அந்தக் கிரேக்க ஊர்களை ஆண்ட காலத்தில் வெள்ளியும் பொன்னும் அரசனின் காரியம். பாணும் மீனும் வாங்குகிற சில்லறையை ஊர்கள் தாங்களே வெண்கலத்தில் அடித்துக்கொண்டன. ஒரு பக்கத்தில் அரசனின் தலை இருக்கும். மறுபக்கம் ஊருக்குச் சொந்தம்: தங்கள் கோயில், தங்கள் ஆறு, தங்கள் மாடு, தங்கள் திராட்சைக் குலை. அதைச் சுற்றிக் கிரேக்க எழுத்தில் ‘எபேசியருடையது’ என்பது போல ஊராரின் பெயர். எங்கள் காசுகள் பெரும்பாலும் சின்னப்பருக்கு வெகுகாலம் பிந்தியவை. அதை நான் கண்டுபிடித்துச் சொன்னபோது நீங்கள் முகம் வாடவில்லை. “அவர் போனாப்பிறகும் ஊர் இருந்ததுதானே. சனம் மீன் வாங்கினதுதானே,” என்றீர்கள்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கிரேக்க எழுத்துகளை ஒரு தாளில் எழுதிப் பிரிட்ஜில் ஒட்டி, கறி கிளறக் கிளறப் பாடமாக்கினேன். நீங்கள் எழுத்துப் பக்கம் வரமாட்டேன் என்றுவிட்டீர்கள். “படம் எனக்கு, எழுத்து உனக்கு” என்று வேலையைப் பிரித்தோம். ஞாயிறு பூசை முடிந்து வந்தால் குசினி மேசையில் பழைய துவாய். இஸ்திரிப் பெட்டிக்கு ஊற்றும் தண்ணீரில் காசை ஊறப் போட்டு, பல்லுக்குத்தும் குச்சியால் மண்ணை எடுப்பீர்கள். நான் நகை நிறுக்கும் சின்னத் தராசில் நிறுத்து, வீட்டுச் செலவுக் கணக்கு எழுதுகிற அதே கையெழுத்தில் ஒவ்வொரு காசுக்கும் ஒரு பக்கம் எழுதுவேன். உங்களுடைய கண் அபாரம். தேய்ந்து வழுவழுத்த காசை வெளிச்சத்துக்குச் சரித்துப் பார்த்து, “இது மானின்ர பின்னங்கால்” என்பீர்கள். புத்தகத்தைப் பார்த்தால் மான்தான் இருக்கும்.

ஒருநாள் திமில் வைத்த மாடு ஒன்று வந்தது. “உது எங்கட ஊர் நாம்பனெல்லே!” என்று நீங்கள் சிரித்தீர்கள். அதை வெள்ளிக்கிழமைச் செபக்கூட்டத்தில் காட்டியபோது மரியதாஸ் அண்ணை எழுந்தே நின்றுவிட்டார்.

“பாத்தியளே! திமில் மாட்டை அங்க கொண்டுபோனது ஆர்? தமிழன்! வேற ஆர்?”

எனக்கு நாக்கு அரித்தது. அந்த நாடுகளிலும் அப்படி மாடு இருந்தது, நான் வாசித்திருக்கிறேன். நீங்கள் என் முழங்கையை மெல்லத் தொட்டீர்கள். பிறகு வெகு பணிவாக அவரிடம் கேட்டீர்கள்.

“அப்பிடியோ அண்ணை? அப்ப அந்த ஆளின்ர பேரையும் ஊரையும் ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்கோ. பிள்ளை கொப்பியில எழுத வேணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். மரியதாஸ் அண்ணைதான் எல்லோரையும்விடக் கூடச் சிரித்தார். அவருக்கும் விளங்கியது, ஆனால் வலிக்கவில்லை. அப்படி ஒருவரைத் திருத்த எனக்கு இன்றுவரை வரவில்லை.

இதற்கு மேல் எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

அந்தியோக்கியாக் காசு வந்த கதை உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் தம்பி குசினித் தொட்டிக்குக் கீழே தலையை விட்டு ஒழுகுகிற குழாயைப் பூட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் குச்சியால் சுரண்டிக்கொண்டே, “ஒரு ஆள் சரிஞ்சு படுத்திருக்கிறார். கையில நாணல். ஆறுதான் இது, ஆற்றை ஆளாக்கி வச்சிருக்கினம்,” என்றீர்கள். காசை என் பக்கம் தள்ளினீர்கள். மேல் ஓரத்தில் எழுத்து நன்றாக இருந்தது. ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தேன். வாசித்து முடித்ததும் வீடு அதிரக் கத்தினேன்.

“அந்தியோக்கியா! மச்சாள், அந்தியோக்கியா!”

நீங்கள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டீர்கள். எங்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதன்முதல் விழுந்த ஊர். உங்கள் கண் நிரம்பிவிட்டது. துடைத்துக்கொண்டு மறுபடி காசைப் பார்த்துவிட்டு, “கீழயும் என்னவோ கிடக்குது பிள்ளை. அதையும் வாசி,” என்றீர்கள்.

“அது தேஞ்சுபோச்சு மச்சாள். அங்க ஒண்டும் இல்லை.”

“நீ வாசிச்சாச் சரி.”

அந்தக் காசு பிறகு எங்கள் பெட்டியில் இருந்ததைவிட வெளியே இருந்ததுதான் அதிகம். பிலோமினா அக்காவின் பேத்தி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீங்கள் அதைக் கொண்டுபோய் அவருடைய கையில் வைத்தீர்கள். பிள்ளை சுகமாக வந்தது. அதற்குப் பிறகு ஆருக்கு நோய் வருத்தம் என்றாலும் அந்தியோக்கியாக் காசைக் கேட்டு வருவார்கள். கண்ணில் ஒற்றுவார்கள், தலையணைக்குக் கீழே வைப்பார்கள். நீங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னீர்கள்: “இது மந்திரக்காசு இல்லை. செபிக்கேக்க கைக்கு ஒரு பிடிமானம். அவ்வளவுதான்.” நகரத்தின் மற்றக் கோடி, வால்தம்ஸ்டோவில் இருந்துகூட ஒரு குடும்பம் வந்து வாங்கிப் போனது. நீங்கள் ஜன்னலோரக் கதிரையில் இருந்து அந்த ஊர்களின் கதையைச் சொல்வீர்கள். எல்லோருக்கும் நீங்கள் பெரியக்கா. சனம் வாய் பார்த்துக்கொண்டிருக்கும். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருப்பேன். நீங்கள் சொல்கிற கதையில் பாதி நான் நூலகத்தில் வாசித்து வந்து உங்களுக்குச் சொன்னது. அதை நீங்கள் ஒருநாளும் மறைக்கவில்லை. “இதெல்லாம் பிள்ளை படிச்சுச் சொன்னது” என்று என்னைக் காட்டுவீர்கள். எல்லோரும் தலையைத் திருப்பி ஒருதரம் சிரித்துவிட்டு, திரும்பவும் உங்களைத்தான் பார்ப்பார்கள்.

அது எனக்குள் இவ்வளவு காலம் ஊறிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கே தெரியாது.

கடைசியாக நீங்கள் படுக்கையில் கிடந்தபோது அந்தக் காசை இடது கையில் பொத்தி வைத்திருந்தீர்கள். நீங்கள் பயப்படவில்லை. அதைப் பார்த்துத்தான் நாங்களும் பயப்படாமல் நின்றோம். நீங்கள் போய் இது இரண்டாவது தவக்காலம்.

இந்த வருடம் தை மாதத்தில் காசு ஒரு வீட்டிலிருந்து கைலேஞ்சியில் சுற்றித் திரும்பி வந்தது. அந்த வீட்டார் நன்றிக்காக மந்திரித்த எண்ணெய் பூசியிருந்தார்கள். எண்ணெய் காசில் நன்றாக ஊறி, தேய்ந்த பக்கம் முழுக்கக் கறுத்துப் போயிருந்தது. குசினி ஜன்னலில் பனிக்கால வெயில் சரிவாக விழுந்துகொண்டிருந்தது. துடைக்கப் போனவள் நின்றுவிட்டேன். படுத்திருக்கும் ஆற்றுக்குக் கீழே எழுத்துகள் நின்றன. ஒன்றும் இல்லை என்று நான் சொன்ன அதே இடத்தில்.

மயாந்த்ரோஸ்.

ஆற்றின் பெயர். நம்முடைய அந்தியோக்கியாவின் ஆறு வேறு, அது சிரியாப் பக்கம். மயாந்த்ரோஸ் என்பது துருக்கியின் மேற்கில் வளைந்து வளைந்து ஓடுகிற ஆறு. அதன் கரையிலும் ஒரு அந்தியோக்கியா இருந்திருக்கிறது. ஒரு அருங்காட்சியகத்தின் படங்களை இணையத்தில் தேடினேன். இதே அச்சில் அடித்த இன்னொரு காசு கிடைத்தது. அதில் எழுத்து ஒன்றுகூடத் தேயவில்லை. அந்தக் காலத்தில் அந்தியோக்கியா என்ற பெயரில் பல ஊர்கள் இருந்திருக்கின்றன. சின்னப்பர் அவற்றில் இரண்டில் நடந்தார். இது அந்த இரண்டும் இல்லை.

அதை அன்றே உங்கள் தம்பிக்குச் சொல்லியிருக்கலாம். சுவாமியாரிடம் கேட்டிருக்கலாம். நான் பேசாமல் வைத்திருந்தேன். ஆளில்லாத நேரத்தில் அந்தப் படத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். எல்லாருக்கும் முன்னால் சொல்ல ஒரு சந்தர்ப்பத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை இப்போதுதான் ஒத்துக்கொள்கிறேன்.

சந்தர்ப்பம் வெள்ளிக்கிழமை வந்தது. செபமாலை முடிந்து மெழுகுதிரியை அணைத்திருந்தோம். மீன் றோல்ஸ் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. றீற்றா என் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

“அக்கா, செவ்வாய்க்கிழமை அல்பேட்டுக்கு நெஞ்சைத் திறக்கினம். பெரியக்காவின்ர அந்தியோக்கியாக் காசை ஒருக்காத் தருவியளோ? புதன்கிழமை கொண்டந்து தந்திடுவன்.”

மேலே போய்க் காசை எடுத்துவந்தேன். எடுத்த எடுப்பில் அதை அவள் கையில் வைத்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டே நடு அறையில் நின்றேன்.

“தாறன் றீற்றா. ஆனா ஒரு விசயம் கேளும். எல்லாரும் கேளுங்கோ. இது நாங்கள் நினைச்ச அந்தியோக்கியா இல்லை.”

டப்லெட்டை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். ஆற்றின் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்டினேன். அச்சைப் பற்றிச் சொன்னேன். எத்தனை அந்தியோக்கியா என்று சொன்னேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது, நான் ஊற்றவில்லை.

பிலோமினா அக்காதான் கேட்டார். “அப்ப பெரியக்கா இவ்வளவு நாளும் சொன்னது?”

“அவ பிழையா விளங்கிட்டா அக்கா. பாவம், அவவுக்கு அந்த எழுத்துத் தெரியாதுதானே.”

அந்த நேரத்தில் எனக்குச் சந்தோசம் வந்தது, மச்சாள். நெஞ்சுக்குள்ளே சூடாக, இனிப்பாக. உங்களால் திருப்பி ஒன்றும் சொல்ல ஏலாத நேரம் பார்த்து நான் சரியாக இருந்தேன்.

மரியதாஸ் அண்ணை பெரிதாகச் சிரித்தார். “அப்ப நாங்கள் இவ்வளவு காலமும் எந்த ஊர்க் காசையோ கண்ணில ஒத்தினனாங்கள்! நல்ல வேளை, சுவாமியார் இல்லை.”

றீற்றா சிரிக்கவில்லை. நான் நீட்டிய காசை வாங்கி, பார்க்காமலே றோல்ஸ் தட்டின் ஓரத்தில் வைத்தாள். “பரவாயில்லை அக்கா,” என்றாள். கோட்டுக் குவியலுக்குள் தன்னுடையதைத் தேடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எல்லோரும் போன பிறகு உங்கள் தம்பி கோப்பைகளைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவர் கோபிக்கிற ஆளில்லை, உங்களுக்குத் தெரியும். துடைத்த கோப்பையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வாசிச்சது நீர்தானே?” என்றார்.

“என்னத்தை?”

“அந்தக் காசை. நீர் அந்தியோக்கியா எண்டு கத்தினதில என்ர தலை குழாயில அடிபட்டது. ஒரு கிழமை வீங்கிக் கிடந்தது. நான் மறப்பனே?”

நான் றோல்ஸ் தட்டின் ஓரத்திலிருந்து காசை எடுத்துத் துடைத்தேன்.

“அக்கா கீழ இருந்ததையும் வாசிக்கச் சொன்னவ. எனக்குக் கேட்டது. நீர் ஒண்டும் இல்லை எண்டு சொன்னனீர்.” கோப்பையை வைத்தார். “எழுத்துத் தெரியாத ஆள் கேட்டவ. தெரிஞ்ச ஆள் பாக்கேல்ல. இண்டைக்குப் பிழை அவவின்ர தலையில.”

செலவுக் கணக்கில் ஒரு சதம் இடித்தாலும் நித்திரை வராதவள் என்று என்னைப் பகிடி பண்ணுவீர்களே. இது எவ்வளவு பெரிய இடிப்பு! படம் உங்களுடையது, அதை நீங்கள் சரியாகத்தான் சொன்னீர்கள்: ஆறு. எழுத்து என்னுடையது. என் பிழையைத் தூக்கி உங்கள் பெயரில் வைத்துவிட்டு, மேலே ‘பாவம்’ என்று ஒரு சொல்லும் போட்டேன். சொன்ன நேரத்தில் எனக்கு அது பொய் என்றுகூடத் தோன்றவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் றீற்றா மற்றப் பக்க வாங்கில் போய் இருந்தாள். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது தூரத்திலிருந்தே எனக்குக் கைகூப்பினாள். பூசை முடிந்து வாசலில் நிற்கும்போது, எனக்குப் பெயர்கூடத் தெரியாத ஒருத்தி வந்தாள். “உங்கட மச்சாள் காட்டிக்கொண்டு திரிஞ்சது சும்மா காசாமே! நீங்கள்தான் கண்டுபிடிச்சனீங்களாம்!” என்றாள். இரண்டு நாளில் கதை அவ்வளவு தூரம் போய்விட்டது. அந்த இடத்திலாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். சிரித்தேன் மச்சாள். சிரித்துவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதனால்தான் இன்று சட்டனுக்குப் போனேன்.

கதவைத் திறந்தது றீற்றா. உள்ளே அல்பேட் காலில் போர்வையோடு இருந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் தூக்கினார்.

“வாங்கோ புரொபெசர்! எனக்கு எந்த அந்தியோக்கியா எண்டாலும் ஓகே. வெட்டுற டொக்டர் சரியான இடத்தில வெட்டினாச் சரி.”

“சும்மா இருங்கோப்பா,” என்றாள் றீற்றா. என்னைக் குசினிக்குள் கூட்டிப் போனாள். மேசையில் ஆஸ்பத்திரிப் பை பாதி அடுக்கியபடி இருந்தது. பல்தூரிகை, அவர் உடுக்கும் சாரம், செபமாலை. அவள் என்னை இருக்கச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன்.

“அண்டைக்கு நான் சொன்னது பொய் றீற்றா. மச்சாள் பிழை விடேல்ல. அதை வாசிச்சது நான். கீழேயும் எழுத்து இருக்குது, வாசி எண்டு அவ கேட்டவ. நான்தான் பாக்காமல் ஒண்டும் இல்லை எண்டனான்.”

றீற்றா மடித்த சாரத்தையே விரித்துத் திரும்ப மடித்தாள்.

“அக்கா, நான் அந்தக் காசைச் சின்னப்பருக்காகக் கேட்டனான் எண்டோ நினைச்சியள்? அந்தியோக்கியா எங்க இருக்குது எண்டே எனக்குத் தெரியாது. பெரியக்கா சாகக் கிடக்கேக்க நான் வந்து பாத்தனான். அவ அதைப் பொத்திக்கொண்டு எப்பிடிக் கிடந்தவ! ஒரு பயம் இல்லை. அந்தக் கை பிடிச்ச காசு எண்டுதான் கேட்டனான். நீங்கள் அந்த ஆளையே ஒண்டும் தெரியாதவ ஆக்கிப்போட்டியள்.”

நான் காசை எடுத்து மேசையில் வைத்தேன். “இப்ப எடும் றீற்றா. உம்மட கையில இருக்கட்டும்.”

அவள் தொடவில்லை.

“வேண்டாம் அக்கா. இப்ப அதைப் பிடிச்சால் எனக்கு உங்கட குரல்தான் கேக்கும்.”

குசினி ஜன்னலுக்கு வெளியே யாரோ குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். அவள் சாரத்தைப் பைக்குள் வைத்தாள். பிறகு அவள் சொன்னாள், கோபமில்லாமல், மிகவும் களைத்த குரலில்:

“அண்டைக்கு எல்லாருக்கும் முன்னால சொன்னனீங்கள். இதை எனக்கு மட்டும் வந்து சொல்லி என்ன? அவைக்கும் சொல்லுங்கோ.”

வெளியே வரும்போது அல்பேட் டிவியிலிருந்து கண்ணெடுக்காமல், “போயிட்டு வாங்கோ அக்கா. புதன்கிழமை ஸ்கோர் சொல்லுறன்,” என்றார்.

பஸ் தரிப்பில் நின்று செபக்கூட்டத்தாரின் வட்ஸ்அப் குழுவைத் திறந்தேன். எழுதினால் அழகாக எழுதப் பார்ப்பேன் என்று எனக்குத் தெரியும். அதனால் குரலில் சொன்னேன். பஸ் வந்து போய்விட்டது, நான் ஏறவில்லை. “அந்தக் காசை அந்தியோக்கியா எண்டு வாசிச்சது நான். பிழை என்ர. பெரியக்கா கீழ இருந்த எழுத்தையும் வாசிக்கச் சொன்னவ. நான் பாக்கேல்ல. வெள்ளிக்கிழமை நான் அவவில பழி போட்டனான். அதைக் கேட்ட எல்லாரும் இதையும் கேளுங்கோ. ஞாயிற்றுக்கிழமை வாசலில கேட்டவைக்கும் சொல்லுங்கோ.” அவ்வளவுதான். இடையில் பஸ்ஸின் இரைச்சலும் பதிந்திருந்தது. திரும்பப் பதியவில்லை.

எங்கள் கோலியர்ஸ் வுட்டில் இறங்கும்போது இரண்டு பதில் வந்திருந்தது. பிலோமினா அக்கா கூப்பிய கை ஒன்று அனுப்பியிருந்தார். மரியதாஸ் அண்ணை எழுதியிருந்தார்: “நாம்பன் காசு சரிதானே? அதையும் மாத்திப்போடாதேங்கோ.” நான் நடுரோட்டில் சிரித்து, சிரித்தபடி அழுதேன். “அப்பிடியோ அண்ணை?” என்று நீங்கள் கேட்டது அந்த நேரம் எனக்கு அவ்வளவு தெளிவாகக் கேட்டது. றீற்றா குரலைக் கேட்டுவிட்டாள் என்று போன் காட்டுகிறது. பதில் இல்லை. நான் பதில் எதிர்பார்க்கவும் இல்லை.

உங்களிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது எது என்று வரும் வழியில் யோசித்தேன். காசுகள் இல்லை. அவற்றை ஒருநாள் யாருக்காவது கொடுக்கத்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் மேசையில் துவாயை விரித்து, எழுத்துகளைச் சத்தமாக வாசிக்கிறேன். வீட்டில் ஒருவரும் இல்லாவிட்டாலும் சத்தமாகத்தான். உங்களுக்குக் கேட்கட்டும் என்று பழகிய பழக்கம் அது. உங்களுக்குக் கேட்கும் என்று நினைத்து வாசித்தால் கண் இன்னும் கொஞ்ச நேரம் காசில் நிற்கிறது. நீங்கள் எனக்குத் தந்த படிப்பு இதுதான் என்று இப்போது விளங்குகிறது. வெள்ளிக்கிழமை நான் சத்தமாகத்தான் பேசினேன், ஆனால் உங்களுக்குக் கேட்கும் என்று நினைக்காமல் பேசினேன்.

மச்சாள், இப்போது ஒரு காரியம் கேட்க வேண்டும்.

நாளை காலை எட்டு மணிக்கு அல்பேட்டை ஒப்பரேசன் தியேட்டருக்குள் கொண்டுபோகிறார்கள். அவர்களுடைய மகள் லெஸ்டரிலிருந்து வர மத்தியானமாகும். அதுவரை ஆஸ்பத்திரியின் நீள வராந்தாவில் றீற்றா தனியே இருக்கப் போகிறாள். நீங்கள் இருந்திருந்தால் கூப்பிடாமலே போய் அவள் பக்கத்தில் இருந்திருப்பீர்கள். என்னையும் அவள் கூப்பிடவில்லை. நான் போய் நின்றால் அது அவளுக்கு ஆறுதலோ, இன்னொரு தொந்தரவோ, எனக்குத் தெரியவில்லை. போகவேண்டும் என்று நெஞ்சு சொல்கிறது. இந்த முறை அந்த நெஞ்சை நம்பவும் வெட்கமாக இருக்கிறது.

போகட்டா, வேண்டாமா? நீங்கள் இப்போது ஆண்டவருக்குக் கிட்ட இருக்கிறீர்கள், கேட்டுச் சொல்லுங்கள். முதல் பஸ்ஸுக்கு முன்னம் எனக்குத் தெரிய வேண்டும். சுணங்காமல் பதில் தாருங்கள்.